வெயிலில் வந்த மழை

கல்லூரியில் அவருக்குப் பெயர் நனவோடை. சம்பளப் பட்டியலில் வேறு ஒரு பெயர் இருந்தது. அது சம்பளம் வாங்க மட்டும்தான் பயன்பட்டது. மாணவர்கள், கேன்டீன்காரர், சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்பவர், கடைசியில் முதல்வர்கூட "நனவோடை வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். ஓர் இலக்கிய உத்தியையே பட்டப்பெயராகச் சுமந்து திரியும் வாத்தியார் வேறு யார் இருக்கிறார்கள்? அடுத்த அறை இயற்பியல் ஆசிரியருக்குப் பெயர் தவளை.

அந்தப் பாடம் அவர் கேட்டு வாங்கியதல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளன்று ஆங்கிலத் துறையில் பாடங்களைப் பங்கு போட்டார்கள். மூத்தவர்கள் நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள்; ஏற்ற இறக்கத்தோடு வசனத்தைப் படித்தாலே மணி அடித்துவிடும். அடுத்த வரிசைக்குப் பழைய காதல் கவிதைகள். கடைசியில் மேசையில் மிஞ்சியது நவீனத்துவம். கதையில் கதை இருக்காது, கவிதையில் ஓசை இருக்காது, யார் பேசுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. "புதுசா வந்திருக்கீங்க, புதுசா இருக்கறதை எடுத்துக்குங்க" என்று சிரித்துக்கொண்டே இளிச்சவாயன் தலையில் கட்டினார்கள். கட்டியவர்களே வாயைப் பிளக்கும்படி அவர் அதன்மேல் பைத்தியமாகிவிட்டார்.

வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போடுவார். "இது பழைய கதை. பொறந்தான், வளர்ந்தான், கட்டினான், செத்தான்." அதற்குக் கீழே கோழி கிளறியதுபோல் ஒரு கிறுக்கல். "இது நம்ம மனசு. பல் தேய்க்கும்போது பல்லையா நினைக்கிறோம்? நேத்து வாங்கின திட்டு, சின்ன வயசுல தொலைச்ச குடை, சாயங்காலம் போடப்போற சட்டை, எல்லாம் ஒண்ணா வந்து மோதும். வர்ற மாதிரியே எழுதினா அதுதான் நனவோடை." பிறகு நம்பத்தகாத கதைசொல்லி. "கதை சொல்றவனை நம்பாதீங்க. அவன் தனக்கே தெரியாம பொய் சொல்லுவான். அவன் கண்ணுல படாதது எதுன்னு தேடுங்க, கதை அங்கதான் ஒளிஞ்சிருக்கு." இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான் என்று அப்போது அவருக்கு யார் சொல்ல?

அவர் வகுப்பில் ஒரு வாடிக்கை உண்டு. திடீரென்று திரும்பி, "ஒரு பாத்திரம் 'கதவைச் சாத்து'ன்னு சொல்லுது. கதவைச் சாத்தணும்னா அர்த்தம்?" என்பார்.

"இல்ல சார்!" என்று வகுப்பே கத்தும்.

"பின்னே?"

"தனிமை சார்!" "மரணம் சார்!" "அவங்க அம்மா சார்!"

எது சொன்னாலும் தலையை ஆட்டுவார். ஒருமுறை கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "காத்து அடிக்குதோ என்னமோ சார்" என்றான். "நீ வணிகவியலுக்குப் போயிடுப்பா" என்றார். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. பாவம், அந்தப் பையன் நிஜமாகவே போய்விட்டான்.

அவருடைய மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி போட்ட ஒரு சின்னக் கூண்டு, ஒரு மைக், கழுத்தைத் திருப்ப மறுக்கும் ஒரு மின்விசிறி. "பயணிகள் கவனத்திற்கு. நாலாவது மேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. வீட்டிலும் அதே பேச்சுதான். "சாப்பாடு மேசை மேல. பால் பொங்கற மாதிரி இருக்கு, பாத்துக்குங்க. நான் கிளம்பறேன்." ஒன்று சொன்னால் அந்த ஒன்றுதான், அதற்கு அடியில் இன்னொன்று இருக்காது. தலை வலிக்கிறது என்று அவள் சொன்னால், அவர் அதற்குப் பின்னால் போய்த் துழாவுவார்.

"என்மேல கோபமா?"

"தலைவலிங்க."

"பரவாயில்ல, மனசுல இருக்கறதைச் சொல்லு."

"இப்ப வந்திருச்சு கோபம்" என்பாள்.

கல்யாணமான புதிதில் தனக்குப் பிடித்த ஒரு நாவலை அவளுக்கு வாசித்துக் காட்டி விளக்கினார். அதில் ஒருவன் மாடிப்படி ஏறுகிறான். பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டே இருக்கிறான்.

"மாடிக்குப் போய்ச் சேர்ந்தானா இல்லையா?" என்று கேட்டாள்.

"அது முக்கியமில்ல."

"அப்ப எதுக்கு ஏறுறான்? வண்டி எங்க போகுது, எத்தனாவது மேடை, அதைச் சொல்லாம வேற என்னத்தைத்தான் சொல்றாங்க உங்க ஆளுங்க?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவர் முணுமுணுத்தார். காதில் விழுந்துவிட்டது. "கற்பூரத்துக்குக் கழுதையைத் தெரியுமான்னு கேளுங்க முதல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பிரியம் இல்லாமல் இல்லை. விடைத்தாள் திருத்த அவர் வெளியூர் கிளம்பும் நாட்களில், அவர் வண்டியை அறிவித்துவிட்டு, விதிமுறையில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வாள். "பயணிகள் தங்கள் குடையை மறக்காமல் எடுத்துச் செல்லவும்." நிலையத்தில் இருக்கிற அத்தனை பேரும் தங்கள் குடையைத் தேடுவார்கள். போகிற இடமெல்லாம் குடையைத் தொலைக்கிற ஒரே ஆள் கூண்டைத் திரும்பிப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரிப்பார். அவர்கள் குடித்தனம் முழுக்க இப்படித்தான் ஓடியது, அவ்வளவு மோசமும் இல்லை.

அவருக்கு மோசமாகப் போனது வேறொன்று. பதிவு செய்த முனைவர் பட்டம் முடியவே இல்லை. எழுதி அனுப்பிய கட்டுரைகள் போன வழியே திரும்பி வந்தன. அவரிடம் படித்த பெண் ஒருத்தி அவருக்கே துறைத்தலைவி ஆனாள். நல்ல பெண், எழுந்து நின்றுதான் பேசுவாள், அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. பணி ஓய்வு அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அச்சில் ஒரு வரியில்கூடத் தன் பெயர் வராமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். குண்டுச் சட்டிக்குள்ளேயே குதிரை ஓட்டிவிட்டோம் என்ற கசப்பு அவரை விட்டுப் போகவே இல்லை.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு உடைந்துவிட்டது. நினைத்த சொல் வராது. வந்த சொல் நினைத்ததாக இருக்காது. தண்ணீர்க் குழாயைக் காட்டி "பாட்டு" என்பாள், பிறகு தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து கண் கலங்குவாள். ஒலிபெருக்கியில் ஊரையே ஏற்றி அனுப்பிய வாய். பார்க்கச் சகிக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கறாரானவள். அவரைத் தனியாக நிறுத்திச் சொன்னாள். "சார், அவங்க என்ன சொன்னாலும் நேரா ஒரு பதில் சொல்லுங்க. எதைக் காட்டறாங்களோ அதைப் பாருங்க. வார்த்தை தப்பா இருக்கும், ஆனா ஏதோ ஒண்ணைத்தான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. பதில் கிடைக்கலைன்னா பேசறதையே விட்டுடுவாங்க. விட்டுட்டா அப்புறம் திரும்ப வராது."

"பாத்துக்கறேம்மா, இது என் துறைதான்" என்றார் அவர்.

கேட்டீர்களா? என் துறையாம்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். "பாட்டு" என்றால் தண்ணீர் கொடுத்தார். "மேடை" என்றால் தலையணையை உயர்த்தி வைத்தார். அவள் முகத்தில் மெல்ல ஒரு தெம்பு வந்தது. வார்த்தைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. அப்போதுதான் ஒருநாள் அவள் அரைத் தூக்கத்தில், "பயணிகள் கவனத்திற்கு... அம்மா சோறு போடு... மூணாவது மேடை... சீப்பு எங்க..." என்று முணுமுணுத்தாள். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தில் படித்துக் காட்டியது, தன் வீட்டுக் கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டிருக்கிறது! காலம் முன்னும் பின்னும் கலந்து வருகிறது. ஒரே வாயில் மூன்று குரல்கள், யார் குரல் என்ற குறிப்பே இல்லாமல். எந்த எழுத்தாளன் பேனாவுக்கும் எட்டாத அசல் நனவோடை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டா இத்தனை நாள் நெய்க்கு அலைந்தேன் என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அன்றைக்கே செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்றிலிருந்து அவர் பதில் சொல்வது நின்றது. பதில் சொன்னால் ஓட்டம் கெட்டுவிடுமாம்.

கட்டிலையும் நகர்த்தினார். உள்சுவர் ஓரம் கிடந்ததை ஜன்னலுக்கு அடியில் நீளவாக்கில் போட்டார். அவர் பாடத்தில் எல்லோரும் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே தெரு, உள்ளே நினைவு. அவளுக்கும் ஒரு ஜன்னல் கிடைத்தால் இன்னும் நன்றாக ஓடும் என்று கணக்குப் போட்டார். நல்லெண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

கட்டில் இடம் மாறிய கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு தொடங்கியது.

"மழை உள்ள வருது" என்றாள் ஒரு மத்தியானம்.

அவர் முன்னறையில் எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து ஜன்னலைப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர்வீட்டு மாடியில் துணிகள் மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்தன. தெருவில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவள் இடது கையைத் தூக்கி மேலே காட்டினாள். "மழை. உள்ள." அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை ரசித்தார். வெயிலில் மழை! வெளியே இல்லாத மழை உள்ளே பெய்கிறது! ஓடிப்போய் எழுதிவைத்துக்கொண்டார். அவள் காட்டிய பக்கம் தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அடப்பாவி மனுஷா, ஒரே ஒரு தடவை.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்து போனாள். வீட்டில் அவளைப் பகல் அக்கா என்பார்கள். வேறு இரண்டு வீடுகளிலும் வேலை; நிற்க நேரமில்லாத பிழைப்பு. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பி வந்தவள் படுக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

"சார், அம்மா படுக்கையை நனைச்சிட்டாங்க."

"என்ன பண்றது, அவ நிலைமை அப்படி."

"ஆனா வாடையே இல்ல சார். சோப்பு வாசனை மாதிரிதான் வருது."

"நீதானே தினம் சோப்புப் போட்டுத் துடைச்சு விடறே."

"அதுவும் சரிதான்" என்று அவள் போய்விட்டாள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பெரிய நம்பிக்கை.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் படுக்கை நனைந்தது. ரப்பர் ஷீட் வந்தது. பிறகு டயப்பர் வந்தது. அதைக் கட்ட வந்தபோது அவள் இடது கையால் பகல் அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். நான் பண்ணல. மழை. நான் பண்ணல."

"சரிம்மா, மழைதான்மா, சரி" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அவள் கட்டினாள். ஒரு நாளும் அடுத்தவர் கையை எதிர்பார்க்காத பெண், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் வாசற்படியில் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார். 'நான் பண்ணல' என்பது குற்றவுணர்ச்சி என்று அவருக்குப் பொறி தட்டியது. எந்தக் குற்றம்? தாய் சாகும்போது பக்கத்தில் இல்லாமல் போனாளே, அதுவா? இதைப் பின்தொடர வேண்டும்!

டயப்பர் காய்ந்து கிடந்தது, படுக்கை நனைந்தது. சரியாகக் கட்டவில்லையோ என்று பகல் அக்கா இன்னும் இறுக்கிக் கட்டினாள். அதிலும் நிற்காததால் குடிக்கிற தண்ணீரைக் குறைத்தார்கள். "பாட்டு" என்றாள், பிறகு முயற்சி செய்து, சரியான சொல்லையே பிடித்து, "தண்ணி" என்றாள். "இப்பதானேம்மா குடிச்சீங்க" என்றாள் பகல் அக்கா. அவர் எழுதினார்: ஒரு பக்கம் மழை, மறுபக்கம் தாகம். இந்த வரி அவருக்கே கண்ணீரை வரவழைத்தது. எழுதியவர் அழுதார், தாகத்தோடு கிடந்தவள் பேசாமல் கிடந்தாள். சொல்லவே வயிறு எரிகிறது.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் கேட்டாள். "அம்மா எப்படிப்பா இருக்காங்க? பேசறாங்களா?"

"அற்புதமாப் பேசறாம்மா. நீ கேக்கணுமே!"

"என்ன சொல்றாங்க?"

"அதைச் சும்மா ஒரு வார்த்தைல சொல்ல முடியாது" என்றார். கட்டுரை எழுதித்தான் சொல்ல முடியும் என்று நினைத்தார். எழுதியும்விட்டார்.

துறைத்தலைவிக்கு அனுப்பினார். அவள் அன்றைக்கே கூப்பிட்டாள். "சார், படிச்சுட்டு அழுதுட்டேன் சார். கருத்தரங்கத்துல நீங்கதான் முதல்ல வாசிக்கணும்." கட்டுரையின் தலைப்பு 'என் மனைவி என்னும் பிரதி'; பிரதி என்றால் அவர்கள் பாஷையில் வாசிக்க வேண்டிய எழுத்து. அதில் எல்லாம் இருந்தது: நனவோடை, சிதறிய காலம், திரும்பத் திரும்ப வரும் படிமம், பல குரல்கள். நம்பத்தகாத கதைசொல்லிக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார். அது அவளாம்.

கருத்தரங்கம் நடந்த அன்று காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். வாசலில் வண்டி நின்று ஹார்ன் அடித்தது. கட்டிலிலிருந்து அவள் இடது கையைத் தூக்கினாள்.

"குடை" என்றாள்.

வானம் பளிச்சென்று இருந்தது. அவர் சிரித்தார். அடடா, இன்னொரு படிமம்! பதில் சொல்ல நேரமில்லை; செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அரங்கத்தில் அவள் குரலைப் போட்டுக் காட்டினார். "மழை உள்ள வருது... நான் பண்ணல... தண்ணி..." ஒலிபெருக்கியில் மறுபடியும் அந்தக் குரல். பேருந்து நிலையத்தில் கேட்ட குரல் என்று சிலருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, மூக்கை உறிஞ்சினார்கள். கடைசியில், "இன்று காலை, மேகமே இல்லாத வானத்தின் கீழ், அவள் என்னிடம் சொன்ன ஒரே சொல்: குடை" என்று காகிதத்தில் இல்லாததைச் சேர்த்துச் சொன்னார். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அவர் வாழ்க்கையில் முதல் கைதட்டல். இவ்வளவு பிந்தி வந்ததே என்று மனம் குளிர்ந்தும் எரிந்தும் நின்றார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. செல்போன் தலையணைக்குப் பக்கத்தில் வெறும் மின்விசிறிச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. துறைத்தலைவி கட்டுரையைப் புத்தகத்தில் சேர்க்கப்போவதாகவும், இன்னும் கொஞ்சம் எடுத்துக்காட்டு வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். எனவே ஒரு மத்தியானம் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வேளையில் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மேல் வீட்டில் ஏதோ உறுமத் தொடங்கியது. புதிதாகக் குடி வந்தவர்கள், சின்னப் பிள்ளைக்காரர்கள். உறுமல் ஏறியது, இறங்கியது, நின்றது. சற்றுப் பொறுத்து அவர் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது.

துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் சட்டத்துக்கு மேலே, பழைய திரைக்கம்பியைப் பிடுங்கிய ஓட்டையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. திரைத்துணிக்குப் பின்னால் சுவர் பச்சையாக ஊறிக் கிடந்தது. சொட்டு நேராக அவள் இடுப்புப் பக்கம் விழுந்து படுக்கையில் பரவியது. சோப்பு வாசனை. மேல் வீட்டில் துணி துவைக்கிற மிஷின் கொட்டும் தண்ணீர், ஜன்னலுக்கு மேல் இருக்கிற சிமெண்டுப் பலகையில் தேங்கி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுகல் என்ற சொல் அவளுக்கு வரவில்லை. கைக்கு அகப்பட்ட சொல்லை எடுத்துக்கொண்டு, கையால் இடத்தையும் காட்டி, நனைந்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவள் வழக்கப்படி ஒன்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பண்ணல" என்றார். "மழைதான்மா. மழைதான் உள்ள வந்திருக்கு. நீ பண்ணல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். வந்த இளைஞன் பதறிப்போய்விட்டான். பால்கனிக்கு ஓடி, குழாயை இழுத்துச் சாக்கடைத் துவாரத்தில் செருகினான். தீர்ந்தது வேலை, ஒரு கை வேலை. "இத்தனை நாளாவா சார் ஒழுகிச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னாங்க" என்றார் அவர்.

அவனுக்குப் புரியவில்லை.

டயப்பர் போயிற்று. கட்டில் உள்சுவருக்குத் திரும்பிப் போயிற்று. பகல் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுது, அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். தண்ணீர்ச் சொம்பு எட்டுகிற தூரத்திலேயே இருந்தது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. பயிற்சிப் பெண் வந்து நாக்கைப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள், படங்களைக் காட்டிப் பார்த்தாள்.

"முடியாம இல்ல சார். பேசிப் பிரயோஜனம் இல்லைன்னு விட்டுட்ட மாதிரி இருக்கு. நீங்க பதில் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த செல்போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தக் 'குடை' மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஒழுகுகிற இடத்தில் பிடித்துக்கொள்ளத் தனக்குக் கேட்டாளா? பழைய நாட்களைப்போல அவருக்குத்தான் சொன்னாளா? கேட்டுத் தெரிந்துகொள்ள அன்றைக்கு ஆள் இருந்தாள், வாயும் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கட்டுரையைப் போட வேண்டாம் என்று துறைத்தலைவியிடம் கெஞ்சினார். "உங்களுக்கு எப்பவும் அடக்கம் ஜாஸ்தி சார்" என்று அவள் அச்சுக்கே அனுப்பிவிட்டாள். புத்தக வெளியீட்டுக்கு அழைத்தாள். போகக் கூடாது என்றுதான் இருந்தார். பிறகு, போய் உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம் என்று தோன்றியது. அவளைப் பற்றிய பொய்க்குக் கை தட்டினவர்கள், அவள் சொன்னது நிஜம் என்று தெரிந்துகொள்ளட்டும். அவளுக்காக இனி அவர் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அரங்கம் நிறைந்திருந்தது. பழைய மாணவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "சார், அந்த மழை எதைக் குறிக்குது?"

"எதையும் குறிக்கல" என்றார் மைக்கில். "மேல் வீட்டு வாஷிங் மிஷின். குழாய் ஒழுகி அவ படுக்கை நனைஞ்சிருக்கு. அதை அவ சொன்னா. நான் கேக்கல. அவளுக்கு டயப்பர் கட்டிவிட்டு, தண்ணியையும் குறைச்சுட்டு, நான் கட்டுரை எழுதினேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது முன்வரிசைக்குப் பரவியது. துறைத்தலைவி கண்ணைத் துடைத்தபடி மைக்கை வாங்கினாள். "பாத்தீங்களா? அழகான ஒரு வாசிப்பைக் கொடுத்துட்டு, அதை அவரே உடைச்சுக் காட்டறார். சார் இப்ப நமக்கு நடத்திக் காட்டினது என்ன?"

"நம்பத்தகாத கதைசொல்லி!" என்று கத்தினார்கள்.

"கதை இல்லம்மா, நிஜம்" என்றார். கைதட்டல். "நிஜமாத்தான் சொல்றேன்!" இன்னும் பலமான கைதட்டல். அவருக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டின. மைக்கைப் பிடுங்கி, "கேளுங்கய்யா! ஒருத்தி கதவைச் சாத்துன்னு சொன்னா, கதவைச் சாத்தணும்னுதான் அர்த்தம்!" என்று அலறினார்.

"இல்ல சார்!" என்று அரங்கமே ஒரே குரலில், பழைய பிரியத்தோடு, சிரித்துக்கொண்டே கத்தியது.

அவர் மேடையை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். "சொல்லிப் பார்த்தேன்மா" என்றார் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து. "ஒருத்தரும் நம்பல."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கட்டிலை நெருங்கும்போதெல்லாம் இப்போது செய்வதைத்தான் அன்றைக்கும் செய்தாள். இடது கையை மெல்ல இறக்கி, தன் இடுப்புக்குக் கீழே படுக்கையைத் தடவி, ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.